முப்பத்திரண்டு டிகிரி

“சூடு?” என்று கேட்டான் எம்லின்.

பக்கவாதம் வந்த ஏழு வாரத்தில் அவனிடம் திரும்பி வந்திருந்த சொற்களை அவன் மனைவி மைனிர் விரல்விட்டு எண்ணிவிடுவாள். ஆமாம், இல்லை, தண்ணி, வலி, பெரில், சூடு. இவை போக, பேச்சுப் பயிற்சி தரும் பெண் தினமும் சொல்லவைத்துப் பழக்கிவிட்ட ஒரு வாக்கியம் இருந்தது: “நல்லா இருக்கேன், நன்றி.” அதை மட்டும் தடங்கல் இல்லாமல், வேறு யாரோ அவன் வாயால் பேசுவதுபோலச் சொல்வான். தோள் வலியில் உயிர் போகிறபோதும் யாராவது குனிந்து விசாரித்தால் அதுதான் வரும். மைனிரின் பெயர் இன்னும் வரவில்லை. அவளைக் கூப்பிட நினைத்துச் சில சமயம் பெரில் என்று கூப்பிட்டுவிட்டு, தவறென்று தனக்கே தெரிந்து, நல்ல கையால் வாயைப் பொத்திக்கொள்வான். பெரில் அவர்கள் வீட்டிலிருக்கும் பாம்பு.

மைனிர் நனைந்த கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். “முப்பத்திரண்டு,” என்றாள்.

அவன் நல்ல கையை இடப்பக்கமாக அசைத்தான்.

“அந்தப் பக்கம் இருபத்தாறு. எல்லாம் நீ வச்ச மாதிரியேதான் இருக்கு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூக்கிப் பிடித்திருந்த தோள் தளர்ந்து தலையணையில் இறங்கியது. இந்த இரண்டு எண்களையும் கேட்ட பிறகுதான் அவன் கைப்பயிற்சிக்கு இணங்குவான் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கைப்பயிற்சி தரும் பெண் வாசலில் நின்றே, “சொல்லியாச்சா?” என்று மைனிரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். அன்று மைனிர் பாம்பு அறைக்குள் போகவில்லை. முந்தின நாளும் போகவில்லை.

மைஸ்டெக் என்ற சிற்றூரில் அவர்கள் வீடு ஒரு சரிவுத் தெருவில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இருபது வீடுகளில் பதினான்காவது. சமையலறைக்குப் பின்னாலிருந்த அறை, வீட்டிலேயே காலை வெயில் விழும் ஒரே அறை, பத்தொன்பது வருஷமாகப் பாம்பினுடையது. எட்டடி நீளத்துக்கு எம்லின் தானே இழைத்துச் செய்த மரப்பெட்டி, முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடிக் கதவுகள். வலது ஓரத்தில் தரைக்கடியில் சூடேற்றும் பாய். சூடு எவ்வளவு என்று பார்த்துப் பாயை அணைக்கவும் போடவும் ஒரு தெர்மோஸ்டாட். அதிலிருந்து நீண்ட ஒயரின் நுனியில் சுண்டுவிரல் கணு அளவு சென்சார், பெட்டிக்குள் பாய்க்கு மேலே ஒட்டப்பட்டிருக்கும். பெரில் ஒன்பதரை அடி, பதின்மூன்று கிலோ. விஷம் கிடையாது, இறுக்கிக் கொல்லும் ஜாதி. எம்லின் வேலை பார்த்த காகித ஆலையில் லீவு கேட்டு வந்தவனை மூச்சுவிட விடாத ஒரு மேற்பார்வைக்காரியின் பெயரை அவன் அதற்கு வைத்திருந்தான். அந்தம்மாள் ஓய்வு பெற்ற அன்று அவளிடமே போய் அதைச் சொன்னானாம், அவளும் சிரித்தாளாம்.

மைனிருக்குப் பாம்பிடம் பயம் இருந்ததில்லை. அவளுக்கு இருந்தது வேறு. பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு இரவுக்கு மேல் எங்கும் தங்கியதில்லை. வீடு முழுக்கக் கம்பளி போர்த்தித் திரிய வேண்டிய ஜனவரியில் அந்த ஓர் அறை மட்டும் மூடிய கதவுக்கப்பால் கோடையாக இருக்கும். அவள் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எம்லின் அவள் காதருகே குனிந்து, “தெருவுல கரண்ட் போயிடுச்சாம். பாவம், அவ குளிர்ல கிடப்பா, நான் போறேன்,” என்றான். செத்துப்போன தன் அம்மாவைத்தான் சொல்கிறான் என்றே அவள் ஒரு நொடி நினைத்தாள். அவன் கையைப் பற்றிக்கொள்ளக்கூடப் போனாள். அதற்குள் அவன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தான். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அவள் அதைப்பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எல்லாம் கெட்டது மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அறையை எட்டிப் பார்த்தபோது பெரில் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்திருந்தது. பெட்டியின் தரை பூராவும் வெள்ளம். பாம்பு இடது ஓரத்து மரப்பொந்துக்குள் சுருண்டிருந்ததால் அவள் தைரியமாகக் கையை விட்டுத் துடைத்தாள். ஈரத்தில் நைந்த மரத்தூளை அள்ளியபோது ஒயர் கையில் தட்டுப்பட்டது. நனைந்தால் ஷாக் அடிக்குமோ என்று அவளுக்கு ஒரு பயம். டேப்பைப் பிய்த்து, சென்சாரை வெளியே இழுத்து, பெட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டாள். தரை காய்ந்ததும் திரும்ப ஒட்டிவிடலாம்.

சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து வந்து, வாசலில் நின்று பார்த்தாள். தெர்மோஸ்டாட்டில் 14 என்று எண் மின்னியது; பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒயர் சுவரோரம், ஜன்னல் இடுக்குக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பதினான்கு என்றால் எங்கே பதினான்கு என்று அவள் யோசித்திருக்கலாம். அறையின் குளிரைப் பெட்டியின் குளிர் என்று நம்பிக்கொண்டு அந்தக் கருவி பாயைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அவள் சலவைக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி போடுகிறவள். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரியும். ஒரு சட்டையைக்கூட அவள் கருக்கியதில்லை. ஆனால் அன்று அவள் கால் வலித்தது, மறுநாள் காலைப் பயணத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. நாளைக்கு ஒட்டிக்கலாம் என்று நினைத்தாள். கதவைச் சாத்தினாள். அப்படிச் சாத்தியதில் ஒரு சின்னச் சுகம் இருந்ததையும் அவள் பிறகு மறக்கவில்லை.

பயணம் டென்பிக்கு. அக்கா டெலித் கடற்கரையில் மூன்று நாளைக்கு அறை எடுத்திருந்தாள். “ஏழு வாரமா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நாயா அலையுற. மூணு நாள் நீ இல்லேன்னா அவரு செத்துடமாட்டாரு, வாடி,” என்றிருந்தாள். வார்டில் மைனிர் தனக்குச் சளி என்று சொல்லிவிட்டாள். காலையில் எழுந்து, சென்சார் ஞாபகம் வந்தபோதே டாக்ஸி ஹாரன் அடித்தது, அவள் வாசலுக்கு ஓடினாள்.

டென்பியில் வெயில் அடித்தது. மார்ச்சில் நினைத்துப் பார்க்க முடியாத வெயில். அக்காவும் தங்கையும் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்தில் மீனும் உருளைக்கிழங்கும் தின்றார்கள். டெலித் தன் முதல் புருஷனைப்பற்றிச் சொன்ன கதையில் மைனிருக்குப் புரையேறிக் கண்ணீர் வந்தது. சனிக்கிழமை மதியம் போன் அடித்தது. நர்ஸ் போனை எம்லினின் காதில் வைத்துப் பிடித்திருந்தாள்.

“சூடு?”

கடற்பறவைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தன. மைனிர் உள்ளங்கையால் போனை மூடிக்கொண்டு, கோட்டுக்குள் தலையைப் புதைத்து, “முப்பத்திரண்டு,” என்றாள். “இந்தப் பக்கம் இருபத்தாறு. நீ தூங்கு, கண்ணு.”

டெலித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மைனிரும் சிரித்தாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோதே வாடை அடித்தது. அழுகல் இல்லை. ஈரக் கம்பளியை இஸ்திரிப் பெட்டியடியில் மறந்துவிட்டால் வருமே, அது. அவள் பயணப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தெர்மோஸ்டாட்டில் இப்போது 12. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரில் வலது ஓரத்தில், பாய்க்கு நேர் மேலே, நீண்டு கிடந்தது. அது ஒருபோதும் அப்படி நீண்டு கிடந்ததில்லை. கண்ணாடிக்குள் கை விட்டதும் தரை அவள் விரலைச் சுட்டது. பிளக்கைப் பிடுங்கினாள். பாம்பின் உடம்பைத் தொட்டாள். அது மெல்ல, வெகு மெல்ல அசைந்து விலகியது. விலகிய இடத்தில் தரையில் ஈரம் பளபளத்தது. வயிற்றுச் செதில்கள் ஒன்றரை அடி நீளத்துக்குச் சிவந்து, சில இடங்களில் கொப்பளித்து, சில இடங்களில் உரிந்து தொங்கின.

பத்தொன்பது வருஷத்தில் அவள் அதைத் தூக்கியதே இல்லை. எம்லினும் இன்னொருவருமாகத்தான் தூக்குவார்கள். இன்று இரண்டு கையையும் அடியில் கொடுத்து, புண் தன் மேல் படாமல், ஒரு கைக்குழந்தையை ஏந்துவதுபோல் அல்ல, நனைந்த கனத்த ஜமுக்காளத்தை ஏந்துவதுபோல் ஏந்தினாள். அது அவள் முழங்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. இறுக்கவில்லை. விழாமலிருக்கப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். மெத்தை உறைக்குள் அதை இறக்கி, உறையின் வாயைக் கட்டி, காரின் பின் சீட்டில் வைத்தாள்.

பக்கத்து நகரமான பிரிட்ஜெண்டில் இப்படிப்பட்ட பிராணிகளைப் பார்க்கும் ஒரே டாக்டர் ஹாலினா. போலந்துக்காரி, ஐம்பது வயது, சன்னமான குரல். பாம்பை மேஜையில் புரட்டிப் பார்த்தாள்.

“எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”

“இன்னிக்குத்தான் பாத்தேன்.”

“நேத்து?”

“ஊர்ல இல்ல.”

“அதுக்கு முந்தின நாள்?”

டாக்டர் மறுபடி கேட்கவில்லை, கையுறையை மாற்றிக்கொண்டாள்.

“சுட்டா நகர்ந்து போயிருக்கலாமே,” என்றாள் மைனிர். “அவளுக்கு இடமா இல்ல? எட்டடிப் பெட்டி.” சொன்ன பிறகுதான் ‘அவளுக்கு’ என்றது காதில் விழுந்தது.

“இதுங்களுக்குச் சூடுன்னா வெயில்தாங்க. மேலேர்ந்து வரணும். முதுகுல பட்டாத்தான் புரியும். வயித்துக்கடியில சுடுறது சரியா உறைக்காது. அறை குளிரா இருந்தா இன்னும் ஒட்டிப் படுத்துக்கும். நமக்கு இதமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே வெந்துடும்.” அவள் கண்டிக்கும் குரலில் சொல்லவில்லை. கண்டித்திருந்தால் மைனிருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். “பிழைச்சுக்கும்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு மாசம் வேலை இருக்கு. தினம் ரெண்டு தடவை களிம்பு. மூணு நாளைக்கு ஒரு ஊசி. மரத்தூள் கூடாது, வெள்ளைக் காகிதம் விரிச்சு தினம் மாத்தணும். யார் செய்வாங்க?”

“நான்தான்.”

செய்தாள். டெலித் வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, “உன் புருஷனுக்குக்கூட நீ இப்படிப் பண்ணல,” என்றாள். சென்சாரைப் புதுப் பிடிப்பானில் திருகி முடுக்கினாள் மைனிர். உள்ளே தனி வெப்பமானிகள் இரண்டு வாங்கி வைத்தாள். காலை ஐந்தரைக்கு எழுந்து, பெரிலைத் தோளில் போட்டுப் பாதி உடம்பை மேஜையில் நீட்டி, வெள்ளிச் சத்து கலந்த தீப்புண் களிம்பைத் தடவினாள். முதல் வாரம் கை கூசியது. மூன்றாவது வாரம், களிம்பு படும்போது பாம்பின் தசை தோலுக்கடியில் ஒரு அலையாக ஓடி அடங்குவதை எதிர்பார்க்கப் பழகிவிட்டாள். வலிக்கிறதா என்று அதனிடம் கேட்கவும் செய்தாள். அது நாக்கை நீட்டும், உள்ளிழுக்கும். மன்னிப்பென்றோ கோபமென்றோ எதையும் அந்த முகத்தில் படிக்க முடியாது. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

மருத்துவமனையில் இப்போது அவள் சொன்ன எண்கள் உண்மையானவை. “முப்பத்தொண்ணரை. காலையில கொஞ்சம் இறங்கியிருந்துச்சு, ஏத்திட்டேன்.” எம்லின் அதைக் கேட்டுச் சிரித்தான், வாயின் ஒரு பாதி மட்டும் மேலே போனது. முன்பு சொன்ன பொய்யை நம்பியதைவிட இந்த உண்மையை அவன் கூடுதலாக நம்புவதுபோல் அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிடலாம் என்று மூன்று முறை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சுப் பயிற்சிப் பெண் ஒருமுறை, “அவரை எதுக்கும் பதற வைக்காதீங்க, இப்பத்தான் பிடிச்சுக்கிட்டு வர்றாரு,” என்றாள். அந்த வார்த்தையை மைனிர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். வேண்டும்போதெல்லாம் அது உதவியது.

“சொல்லாதடி,” என்றாள் டெலித். “பாம்பு பேசாது. அவரும் பேச மாட்டாரு. உனக்கு இதைவிட வசதியான சாட்சிங்க கிடைக்குமா?” இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மைனிர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

மே மாதம் இரண்டாம் வாரம் எம்லின் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தான். சொற்கள் நாற்பதாகியிருந்தன. தேநீர் வேண்டுமா என்றதற்குத் தலையசைக்காமல் பின்னறையைக் காட்டினான். அவள் தள்ளிக்கொண்டு போனாள். பெட்டிக்குள் பெரில் தலையைத் தூக்கியது. கண்ணாடியில் மோவாயை வைத்து, மெல்ல மேலே ஏறியது. அடிவயிறு கண்ணாடியில் பதிந்து அடி அடியாக எழும்பியது: வெளிறிய மஞ்சள், மஞ்சள், பிறகு சுருங்கிக் கறுத்து, வரிசை தப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்த செதில்கள். எம்லினின் முகம் அதற்கு ஒரு சாண் எதிரில் இருந்தது. அவன் நெடுநேரம் பார்த்தான்.

“டேப்,” என்றான்.

மைனிருக்குப் புரியவில்லை.

“டேப்... நான்.” நல்ல கையால் தன் மார்பில் தட்டினான். “பிடி... உடஞ்சு... டிசம்பர். நான்... டேப்.” அவன் சொல்ல வந்தது அவளுக்கு ஒவ்வொரு துண்டாகக் கூடி வந்தது. டிசம்பரில் சென்சாரின் பிடிப்பான் உடைந்திருக்கிறது. புதிது வாங்கிப் பொருத்தாமல் அவன் டேப் போட்டு ஒட்டியிருக்கிறான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஜனவரியில் விழுந்துவிட்டான். டேப் சூட்டில் கழன்று விழுந்து பெரில் வெந்துவிட்டாள் என்று இப்போது கணக்குப் போட்டுவிட்டான்.

அவன் அழுதான். பாதி முகம்தான் அழுதது.

அவள் வாயைத் திறந்தாள். “விடு எம்லின்,” என்றாள். “தினம் களிம்பு போட்டேன், இப்ப ஆறிடுச்சு பாரு.” சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான், களிம்பு போட்ட கை என்பதற்காக.

நான்கு நாள் அவன் பின்னறைப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் போனை மடியில் வைத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது, “சனி. ஹேடன்,” என்றான். ஹேடன் நீத் ஊர்க்காரன், பாம்பு வளர்ப்பவர்களின் சங்கத்தில் எம்லினுக்கு இருபது வருஷப் பழக்கம்.

“எதுக்கு வர்றான்?”

“பெரில்... போகும்.” நல்ல கையால் செத்த கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தான், ஒரு மீனை எடுத்து வைப்பதுபோல வைத்தான். “இந்தக் கை. நான்... கொன்னுடுவேன்.”

மைனிர் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினாள். அந்த வாரம் முழுக்க அவள் உடம்பு லேசாக இருந்தது. வெயில் விழும் அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அவனை அங்கே உட்காரவைத்துப் படிக்கப் பழக்கலாம். டென்பிக்கு ஒரு வாரம் போகலாம், இருவருமாக. பாம்புக்குத் தீனியாக எலி உறைந்து கிடக்காத குளிர்பெட்டி. இத்தனை வருஷம் வாய்விட்டுக் கேட்காதது, ஒரு வார்த்தை பேசாமலிருந்ததால் தானே கைக்கு வருகிறது. காலையில் களிம்புக்காகத் தூக்கும்போது பெரிலின் கனம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தது.

சனிக்கிழமை ஹேடன் வந்தான். கழுத்துவரை பச்சை குத்திய ஆள். கதவைத் தட்டும்போதே காலணியைக் கழற்றிவிட்டான். கொண்டுவந்த பெரிய மூடிப்பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்தான். பின்னறைக்குள் போய், பெரிலைத் தூக்கிப் புரட்டிப் பார்த்து, மெச்சலாக நாக்கைச் சொடுக்கினான்.

“பிரமாதமா ஆறியிருக்கு. மருந்து யாருங்க போட்டது?”

“நான்,” என்றாள் மைனிர்.

“கைதேர்ந்த வேலை. பல பேரு இந்த நிலையில கொன்னுதான் போட்டிருப்பாங்க. எம்லின், உம் பொண்டாட்டி தங்கம்டா.” பாம்பைப் பெட்டிக்குள் விட்டுக் கதவை நகர்த்திப் பூட்டினான். பிறகு சமையலறைக்கு வந்து, எம்லினின் நாற்காலிக்கு முன்னால் குந்திக்கொண்டான். “ஆனா நீ பண்ணது தப்புதான், சொல்லிடறேன். டேப்பை எவனாவது நம்புவானா? சங்கத்துல எத்தனை சின்னப் பசங்களை நீயே இதுக்குத் திட்டியிருக்க?”

எம்லின் தலையைக் குனிந்துகொண்டான். “ஆமாம்,” என்றான். “ஆமாம். தப்பு.” எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் பின்கழுத்தில் மருத்துவமனையில் வெட்டிய முடி கோணலாக இருந்தது. மைனிர் அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தாறு வருஷத்தில் அவன் யாரிடமும் இப்படிக் குனிந்து அவள் பார்த்ததில்லை.

“டேப் கழண்டு விழல,” என்றாள்.

ஹேடன் திரும்பினான்.

“டேப் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பிச்சேன். தண்ணி கொட்டுச்சு, ஒயரை வெளிய இழுத்துப் போட்டேன். திரும்ப ஒட்டல. சாயங்காலம் பாத்தேன், பதினாலுன்னு காட்டுச்சு, சிவப்பு எரிஞ்சுது. பாத்துட்டு நாளைக்கு ஒட்டிக்கலாம்னு கதவைச் சாத்திட்டேன். மறுநாள் ஊருக்குப் போயிட்டேன். நாலு நாள்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எனக்குச் சளி இல்ல எம்லின். டென்பியில இருந்தேன், டெலித்தோட.”

ஹேடன் எழுந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் காலுறையைப் பார்த்தான். “நான் வண்டியில இருக்கேன்,” என்று சொல்லிக் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

எம்லின் அவளை நிமிர்ந்து பார்த்தான். பாம்பைப்பற்றித்தான் கேட்கப் போகிறான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

“போன்ல,” என்றான். “முப்பத்திரண்டு?”

“நான் பாக்கல.”

“முன்னாடி?”

“முன்னாடியும் பல நாள் பாக்கல. நீ கேப்ப. உனக்கு அது வேணும். நான் சொல்லிடுவேன்.” அம்மாவின் சாவன்று நீ என்ன செய்தாய் தெரியுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. இப்போது கேட்டால் அது விலை பேசுவதாகும் என்று விழுங்கிக்கொண்டாள்.

அவன் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பல வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஏதோ பெரிய சொல் அடியிலிருந்து புறப்பட்டு மேலே வருவதை அவளால் பார்க்க முடிந்தது. அவள் அதற்காக நின்றாள். திட்டட்டும். எவ்வளவு கேவலமான வார்த்தையானாலும் வரட்டும். உதடு கோணி, திறந்தது.

“நல்லா இருக்கேன், நன்றி,” என்றான் எம்லின்.

தெளிவாக, ஒரு தடங்கல் இல்லாமல். தான் சொன்னதைத் தானே கேட்டு அவன் கண்கள் திடுக்கிட்டன. நல்ல கையால் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தான். மறுபடி அடித்தான். அவள் அவனைத் தொடப் போனாள். அவன் தோளை இழுத்துக்கொண்டான்.

சிறிது நேரம் கழித்து ஹேடன் வாசலில் தலையை நீட்டி, “என்ன, எடுத்துட்டுப் போகவா, வேணாமா?” என்றான்.

“வேணாம்,” என்றான் எம்லின். அது சரியான சொல்தான். ஹேடன் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, மைனிரைப் பார்க்காமல் விடைபெற்றான். வண்டி சரிவில் இறங்கும் சத்தம் கேட்டது.

எம்லின் ஒற்றைக் கையால் சக்கரத்தை உருட்டினான். ஒரு சக்கரத்தை மட்டும் உருட்டினால் நாற்காலி வட்டமடிக்கும். காலால் தரையை உந்தி, உருட்டி, உந்தி, கதவுச் சட்டத்தில் இரண்டு முறை இடித்து, பின்வாங்கி, பெட்டியின் அருகே போய்ச் சேர்ந்தான். பின்னால் நின்ற அவளைத் தள்ளவிடவில்லை. கண்ணாடிக் கதவின் பூட்டைப் பெருவிரலால் அமுக்கினான். அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் கதவு நகரும். நகர்த்த இன்னொரு கை வேண்டும். அவன் செத்த கையைப் பார்த்தான். அதைக் கூப்பிட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தான். அது மடியில் கிடந்தது.

அமுக்கியபடியே இருந்தான். திரும்பவில்லை, கூப்பிடவில்லை. பெருவிரல் நகம் வெளுத்தது. உள்ளே பெரில் அசைவை அறிந்து தலையை உயர்த்தியது. மைனிர் அருகே வந்தாள். அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து, மெல்லத் தள்ளினாள். கதவு ஒரு முனகலோடு நகர்ந்தது. உள்ளிருந்த வெதுவெதுப்பு இருவர் முகத்திலும் வந்து பட்டது.

பெரில் அவசரப்படவில்லை. விளிம்பில் மோவாயை வைத்து, நாக்கை நீட்டி, எம்லினின் முழங்காலில் இறங்கி, மடியில் கிடந்த அந்தக் கைமேல் ஏறத் தொடங்கியது. கனத்த உடம்பு மணிக்கட்டைக் கடந்தது, வடுவின் சொரசொரப்பு விரல்களின் மேல் உரசிப் போனது. எம்லினுக்கு அது தெரியவில்லை. கையில் ஒன்றும் உறைக்காததால், எங்கே ஊர்கிறது, எவ்வளவு தூரம் போயிற்று என்று அவன் குனிந்து கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.